தோ மினிட் அண்ணனும் நாலு டியூப்பும்

மும்பையில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. லோக்கல் ரயில் காத்திருக்காது, தண்ணீர்க் குழாய் காத்திருக்காது, கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தி காத்திருக்காது. அப்படிப்பட்ட ஊரையே கையைக் காட்டி நிறுத்தி வைத்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் தோ மினிட் அண்ணன். தாலி கட்டி முடிந்து ரிசப்ஷனில் நின்ற மாப்பிள்ளை பெண்ணைக் காக்க வைத்திருக்கிறார், பேச வந்த கவுன்சிலரைக் காக்க வைத்திருக்கிறார், ஒரு முறை சாமி ஊர்வலமே அவருக்காக முக்கில் நின்றது. எல்லாம் எதற்காக என்றால், ஒரு டப்பா சூடாவதற்காக.

அண்ணனுக்கு ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பகலில் செம்பூரில் லிஃப்ட் மெக்கானிக். மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்று, உள்ளே மாட்டிய ஆள் அலறினால், மேலே மோட்டார் அறையிலிருந்து "தோ மினிட்" என்று சாவகாசமாகக் குரல் கொடுப்பார். அந்த இரண்டு நிமிஷம் அரை மணி நேரமும் ஆகும். சாயங்காலத்தில் எங்கள் லைட் மியூசிக் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார். அங்கேயும் அதே தோ மினிட்தான்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று எதற்குக் கூப்பிட்டாலும் நாங்கள் போய் வாசிப்போம். 'நாங்கள் வாசிப்போம்' என்று நான் சொல்வது கொஞ்சம் ஓவர். எனக்கு எந்த வாத்தியமும் தெரியாது. நான் அறிவிப்பாளன். "அடுத்து வருவது ஓர் இனிமையான டூயட்" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நிற்கிற ஆள். எல்லாப் பாட்டுமே எனக்கு இனிமையாகத்தான் கேட்கும், அவ்வளவுதான் என் காது.

அந்த டப்பா என்னவென்று சொல்லிவிடுகிறேன். சொல்லிவிடுகிறேன் என்றேனே தவிர, பதினைந்து வருஷமாக எனக்கே அது புரியவில்லை. அதன் பெயர் டியூப் ப்ரீஆம்ப். கிட்டார் வயர் அதற்குள் போகும், இன்னொரு வயர் வெளியே வந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். உள்ளே பழைய வால்வு ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி கட்டைவிரல் உயரத்துக்கு இரண்டு கண்ணாடி டியூப் நிற்கும். சுவிட்சைப் போட்டால் அவை மெதுவாக ஆரஞ்சு நிறத்தில் கனன்று, சூடாகி, அதன் பிறகுதான் சத்தத்தை விடும். அதற்குத்தான் இரண்டு நிமிஷம். கப்பலில் வேலை பார்த்த அவர் மச்சான் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தது. அமெரிக்கா டப்பா என்பதால் நம் ஊர் கரண்ட் அதற்கு ஒத்துக்கொள்ளாது. கரண்டைப் பாதியாக்கிக் கொடுக்க இன்னொரு இரும்புப் பெட்டி கூடவே வரும், செங்கல் கனத்துக்கு.

இது என்ன செய்யும் என்று முதல் மாதமே கேட்டேன்.

"கிட்டார்ல இருந்து வாற சத்தம் பச்சத் தண்ணிலா. இது அதைச் சுட வைக்கும்" என்றார்.

"அப்ப ஆம்ப்ளிஃபயர் என்ன செய்யும்ணே?"

"அது ஊத்தும்."

சரி, வெந்நீர் போடுகிற சமாச்சாரம் என்று புரிந்துகொண்டேன். அடுத்த வாரம் வேறு யாரோ கேட்டபோது, இது சத்தத்தை வடிகட்டும் என்றார். அதற்கு அடுத்த வாரம், சத்தத்துக்குச் சதை வைக்கும் என்றார். சுட வைத்து, வடிகட்டி, சதை வைப்பதா, இல்லை சதை வைத்த பிறகு வடிகட்டுவதா என்று நான் ராத்திரியெல்லாம் யோசித்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

என் குழப்பத்தைத் தீர்க்க ஒரு நாள் ஒரே மெட்டை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார். நான் கண்ணை மூடித் தலையை ஆட்டி, ரெண்டாவதுதான்ணே, அதுல ஒரு இது இருக்கு என்றேன். ரெண்டு வாட்டியும் சுவிட்ச் போடாம டப்பா பந்த்லதான் இருந்துச்சு, இப்பந்தான் சுவிட்சைப் போட்டு சாலு பண்ணப் போறேன் என்றார். அதன் பிறகு என்னிடம் கருத்துக் கேட்பதை அவர் நிறுத்திக்கொண்டார்.

ஆனால் எனக்கும் அந்த டப்பாவுக்கும் தொழில் ரீதியான உறவு ஒன்று இருந்தது. அது சூடாகும் வரை மேடையில் பேச வேண்டியவன் நான். நடுவில் கரண்ட் போய் வந்தால் மறுபடி இரண்டு நிமிஷம். யாராவது வயரை மிதித்துப் பிடுங்கினால் மறுபடி இரண்டு நிமிஷம். ஸ்பான்சர்களுக்கு நன்றி, சாமியானா போட்டவருக்கு நன்றி, வெள்ளை ஸ்கூட்டரை வழியில் நிறுத்தியவருக்கு வேண்டுகோள் என்று எதையாவது நான் இழுத்துக்கொண்டே இருப்பேன். பின்னாலிருந்து அண்ணன் விரலைத் தூக்கிக் காட்டினால்தான் எனக்கு விடுதலை.

அதை அவர் பராமரித்த அழகு தனி. சுனாபட்டியில் அவர் வீடு ஒரே அறை. அந்த அறையின் காற்றோட்டமான ஒரே மூலை டப்பாவுக்கு. பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுவார், டியூப் நிற்கும் குழிகளில் ஏதோ ஸ்பிரே அடிப்பார். வாரம் ஒரு தடவை பென்சிலின் பின்பக்கத்தால் டியூப்பை டாக்டர் மாதிரி தட்டிப் பார்ப்பார். "எனக்குக் காய்ச்சல்னா தொட்டுப் பாக்க மாட்டாரு. அது சுடுதா சுடுதான்னு அஞ்சு வாட்டி தொட்டுப் பாப்பாரு" என்று அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, டீயோடு சேர்த்து இதையும் தருவார்.

ரயிலில் அதை அக்காவின் பழைய நூல் புடவையில் சுற்றி, மடியில் வைத்துத்தான் கொண்டு வருவார். ஒரு நாள் சுனாபட்டியில் நாங்கள் ஏறும்போதே ரயிலில் கூட்டம். மூட்டையை மார்போடு அணைத்து நின்றவரைப் பார்த்து ஒரு மராட்டிக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். அண்ணன் உட்கார்ந்து, குலுங்கும்போதெல்லாம் மூட்டையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே வந்தார். குர்லா தாண்டியதும், எதிரே இருந்த ஒரு பெரியவர் எத்தனை மாசம் ஆச்சு என்று இந்தியில் விசாரித்தார். பதினாலு வருஷம் என்றார் அண்ணன், நிஜமாகவே கணக்குப் பார்த்து. அந்தப் பெரியவர் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

மொத்தம் நாலு டியூப். இரண்டு டப்பாவுக்குள், இரண்டு ஸ்பேர், பிஸ்கட் டின்னில் பஞ்சுக்குள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கண்ணாடியில் அச்சடித்திருந்த எழுத்து மட்டும் வேறு வேறு நிறம். சிவப்பு எழுத்துக்காரன் பரம சாது, அதுதான் முதல் குழியில் நிற்க வேண்டும் என்பார். மற்ற இரண்டும் அந்தக் குழியில் நின்றால், தட்டினால் கூவும். மஞ்சள் எழுத்து ஒரு கேடி. பக்கத்தில் டிரம் அடித்தால் போதும், 'கொய்ங்ங்' என்று தானாகக் கூவும். அதைத் தூக்கிப் போடாமல் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். டப்பா பதில் சொல்லியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். அண்ணன் சொன்ன பதில் புரியவில்லை.

இனிமேல்தான் வில்லங்கம். அந்த வருஷம் கணபதி புரோகிராமில் சிவப்பு எழுத்துக்காரனைச் சுத்தம் செய்யப் போய், அண்ணன் அவசரத்தில் மஞ்சளைச் செருகிவிட்டார். சோகப் பாட்டு நடுவே கொய்ங். அதைக் கழற்றி மாட்ட இருபது நிமிஷம். கூட்டம் எழுந்து வடாபாவ் வண்டிக்குப் போய்விட்டது. எங்கள் ஆர்கெஸ்ட்ரா லீடர் முருகேசன் அண்ணன் கீபோர்டு வாசிப்பவர், கோபம் வந்தால் குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம். விஜயதசமிக்குத் தாராவி அம்மன் கோயிலில் அடுத்த புரோகிராம். கமிட்டிக்காரர்கள் வேறு ஆர்கெஸ்ட்ராவைப் பார்க்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"விஜயதசமி அன்னைக்கு அது ஒருவாட்டி கொய்ங்ன்னாலும் சரி, டப்பா வீட்டுக்கு. பேஸை என் இடது கையே பாத்துக்கிடும்" என்றார் முருகேசன்.

இடது கை பார்த்துக்கொள்ளும் என்றால், கீபோர்டிலேயே அவர் பேஸ் வாசித்துக்கொள்வார், தோ மினிட் அண்ணன் வேண்டாம் என்று அர்த்தம். அண்ணன் டப்பாவைப் புடவையில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். செம்பூர் ஸ்டேஷன் வாசலில் டீ குடிக்கும்போது மட்டும் என்னிடம் சொன்னார்.

"ஏலே குமாரு, லிஃப்ட் ஓடுத வரைக்கும் என்னைய ஒருத்தனுக்கும் தெரியாது. நின்னாத்தான் தேடுவான். பேஸும் அப்படித்தாம்ல. ஆனா இங்க, நின்னாலும் எவனும் தேட மாட்டான் போலுக்கே."

ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தேன். ஒன்றும் தெரியாதவன் உதவி செய்யத் துடித்தால் என்ன நடக்குமோ, அது நடந்தது.

ஆயுத பூஜைக்கு எல்லா வாத்தியங்களையும் செம்பூரில் முருகேசன் வீட்டு மேல் அறையில் அடுக்கி வைப்போம். எனக்கு வாத்தியம் இல்லாததால் துடைப்பது, சந்தனம் குங்குமம் வைப்பது, பொரி கடலை கட்டுவது எல்லாம் என் டிபார்ட்மென்ட். அண்ணன் டப்பாவையும் பிஸ்கட் டின்னையும் முதல் நாளே வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதால் அவரால் வர முடியவில்லை. நான் தபேலாவுக்குப் பொட்டு வைத்தேன், கீபோர்டுக்கு வைத்தேன், மைக்குக்கும் வைத்தேன். டப்பாவின் வெளித் தகரத்திலும் வைத்தேன். வைத்த பிறகு ஒரு சந்தேகம். வேலை செய்கிற ஆள் உள்ளே இருக்க, வாசல் கதவுக்குப் பொட்டு வைத்து என்ன பிரயோஜனம்? நாளைக்கு மானத்தைக் காப்பாற்ற வேண்டியது அந்த டியூப்கள்தானே?

ஸ்குரூடிரைவரை எடுத்தேன். சுவிட்ச் ஆஃப் பண்ணாலும் உள்ள கரண்ட் நிக்கும், தொடாதே என்று அண்ணன் நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஆஃப் செய்த பிறகும் கரண்ட் எப்படி நிற்கும் என்பது என் பழைய குழப்பங்களில் ஒன்று. எதற்கும் இருக்கட்டும் என்று ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் செருப்புக் காலோடு பூஜை செய்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். உள்ளே இருந்த இரண்டையும் பிடுங்கி, டின்னில் இருந்த இரண்டையும் எடுத்து, நாலையும் வரிசையாக வைத்தேன். வருஷக்கணக்கில் சூடாகி ஒரே மங்கல். விபூதியை ஈரத் துணியில் தொட்டு, குத்துவிளக்குத் தேய்ப்பது போல் தேய் தேய் என்று தேய்த்தேன். பளபளவென்று வந்தது. ஆளுக்கொரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் துணியைப் பார்த்தேன். அதில் சிவப்பாக ஒரு தீற்றல், மஞ்சளாக ஒரு தீற்றல், வெள்ளை, பச்சை. டியூப்பைப் பார்த்தேன். ஒன்றில்கூட எழுத்து இல்லை. அந்த அச்சு தேய்த்தால் போய்விடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன். பரம சாதுவும் கேடியும் ஒரே முகத்தோடு என் எதிரே பொட்டு வைத்துக்கொண்டு நின்றார்கள்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. பொட்டுகளை அவசரமாக வழித்துவிட்டு, கைக்கு வந்த இரண்டை உள்ளே செருகி, மற்றதை டின்னில் போட்டு, மூடியைத் திருகிவிட்டேன். அம்மா தாயே, சரியானதைத்தான் செருகியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பொரி மூட்டையைப் பிரித்தேன்.

மறுநாள் சாயங்காலம் தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்தில் மேடை. சந்து முழுக்க நாற்காலி, நாற்காலி கிடைக்காதவர்கள் மாடிப் படிகளில். அண்ணன் வந்து டப்பாவை வைத்து, வயர் மாட்டி, சுவிட்சைப் போட்டார். நான் மைக்கைப் பிடித்து என் இரண்டு நிமிஷத்தை ஆரம்பித்தேன். டப்பா சூடாக ஆக, மேடையில் சந்தன வாசம் கிளம்பியது. பூசாரிதான் எங்கேயோ நிற்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அண்ணன் மட்டும் டப்பா பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். டிரம்ஸ்காரர் சரி பார்க்க ஒரே ஒரு அடி அடித்தார்.

கொய்ங்ங்.

முருகேசன் திரும்பினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. இடது கையை கீபோர்டின் இடது பக்கம் கொண்டு போய் வைத்தார். அண்ணன் மூடியைத் திறந்தார். டியூப்பை உற்றுப் பார்த்தார், டின்னைத் திறந்து அதையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மைக்கை மூடிக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"எழுத்து எங்கலே?" என்றார், ரகசியமாக.

"அழுக்குன்னு நெனச்சு தொடச்சிட்டேன்ணே."

திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அவர் முருகேசனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், காது மேலிருந்த பென்சிலை எடுத்தார்.

"ஒவ்வொண்ணா மாட்டி, சுட வச்சு, தட்டித்தான் பாக்கணும். தோ மினிட் பத்தாது. நாலு தோ மினிட் வேணும். போய்ப் பேசு."

நான் முருகேசனிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மைக்குக்கு ஓடினேன். நன்றி எல்லாம் முதல் நிமிஷத்திலேயே தீர்ந்துவிட்டது. ஸ்கூட்டர் எதுவும் வழியில் நிற்கவில்லை. எதிரே கமிட்டித் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின் வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள். வாயில் வேறு எதுவும் வராததால், "அந்தா குனிஞ்சு நிக்காருல்லா, அவரு மடியில பதினாலு வயசுக் குழந்தையோட ரயில்ல வந்த கதை தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டேன்.

முதல் வரிசையில் ஒரு அம்மா சிரித்தார். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மராட்டிக்காரர் இடம் கொடுத்ததைச் சொன்னேன், வேறு பெட்டிக்கு ஓடிய பெரியவரைச் சொன்னேன், வெந்நீர் போடும் கதையைச் சொன்னேன், காய்ச்சலில் கிடக்கும் அக்காவைச் சொன்னேன். அண்ணன் அதற்குள் முதல் டியூப்பை மாற்றி, சூடாக்கி, பென்சிலால் தட்டினார். ஸ்பீக்கரில் கொய்ங். அவர் நிமிராமலே பென்சிலை உயர்த்தி ஆட்டினார். "தோ மினிட்" என்றேன் நான். அடுத்த டியூப். மறுபடி கொய்ங், மறுபடி பென்சில் உயர்ந்தது. இந்தத் தடவை நான் வாயைத் திறப்பதற்குள் மாடிப் படியில் இருந்த கூட்டம் முழுக்க "தோ மினிட்" என்று சேர்ந்து கத்தியது. கமிட்டித் தலைவர் கடிகாரத்தை மறந்துவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

மூன்றாவது டியூப்பைத் தட்டியபோது 'டொக்' என்று மட்டும் கேட்டது. டிரம்ஸ்காரர் பலமாக ஒரு அடி அடித்தார். டப்பா வாயைத் திறக்கவில்லை. அண்ணன் விரலைத் தூக்கினார், சந்தே கை தட்டியது. அன்றைக்கு அவர் வாசித்தது எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், எனக்கு வழக்கம் போல ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மேடை ஓரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தேன், அவ்வளவுதான் தெரியும்.

முடிந்ததும் முருகேசன் வந்தார். அடுத்த வருஷமும் நாம்தானாம், கதை சொல்கிற ஆளையும் டப்பாவையும் கண்டிப்பாகக் கூட்டி வரச் சொன்னார்களாம் என்றார். டப்பா அவருக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. ஆனால் இடது கையை அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் கொண்டு போகவில்லை. நான் பத்திரிகைக்கு எழுத ஆரம்பித்ததும் அந்த மேடையில் வந்த துணிச்சலால்தான்.

அண்ணன் இப்போது சான்பாடாவில் இருக்கிறார். ஆர்கெஸ்ட்ரா இன்னும் இருக்கிறது, தோ மினிட்டும் இருக்கிறது. போன ஆயுத பூஜைக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். போனேன். அவரே மூடியைத் திறந்து நாலு டியூப்பையும் என் கையில் கொடுத்து, தொடைக்கணும்னா தொடைச்சுக்கோ, இனி அழிக்கதுக்கு ஒண்ணும் இல்ல என்றார். கையில் வாங்கிப் பார்த்தேன். லிஃப்ட் கதவுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்ட்டால் ஒவ்வொன்றிலும் அடையாளம் வைத்திருந்தார். சாதுவுக்கு ஒரு பொட்டு, அடுத்ததுக்கு இரண்டு, அதற்கு அடுத்ததுக்கு மூன்று. நாலாவதில் பொட்டு இல்லை, 'கு' என்று எழுதியிருந்தது.

"இது என்னதுண்ணே?"

"குமாரு. அந்தக் கேடிப்பய. பக்கத்துல எவன் என்ன தட்டுனாலும் தானாச் சத்தம் போடும். சும்மா இருக்கவே தெரியாது."

"அப்ப தூக்கிப் போட்டுர வேண்டியதுதானே?"

அண்ணன் என் கையிலிருந்து அதை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். பஞ்சை ஒதுக்கி, டின்னில் படுக்க வைத்து, மேலே இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்தார்.

"தூக்கிப் போடவா? அது பாட்டுக்குக் கூட வரட்டும்லே. இருந்தா எனக்கு ஒரு தைரியம்."

ஆகையால் ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய நூல் புடவையில் சுற்றிய மூட்டையை மடியில் வைத்துத் தட்டிக் கொடுத்துக்கொண்டு ஒருவர் வந்தால், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். அந்த மூட்டைக்குள் நானும் இருக்கிறேன்.